எண்ணிப் பார்க்கும் கழகம்: பெத்தகான ஈரநிலத்தில் ஞாயிறு காலைப் பறவை நடை

கொழும்பில் பறவை அவதானிப்பைப் பழக விரும்பும் ஒருவருக்கு இன்று பல வழிகள் உண்டு. கட்டணம் பெற்று வாகனத்தில் அழைத்துச் சென்று, இலங்கைக்கே உரிய பறவை இனங்களைக் காட்டி, மாலைக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியல் குழு இருக்கிறது. அதற்கும் மூத்ததாக, 1943இல் தொடங்கப்பட்ட சிலோன் பறவைக் கழகம் இருக்கிறது. இவற்றைத் தவிர, அயலவர்கள் தமக்குள் கூடி நடத்தும் சிறு கழகங்களும் நகரத்தில் உண்டு. நான் இங்கு மதிப்பிட எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு கழகத்தின் மாதாந்த நடையை.

வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொடைப் பகுதிகளில் வசிப்போர் சேர்ந்து நடத்தும் இக்கழகத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே நாளில் பெருங்கூட்டம் வந்து சேர்ந்தால் பலகைப் பாதையில் நிற்க இடமிராது, பறவைகளும் விலகிப் போய்விடும் என்பதால், அறிந்தவர் மூலம் மட்டுமே புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதென அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நியாயமான முடிவு. ஆயினும், தமக்கு அருகிலுள்ள ஒரு கழகத்தில் சேரலாமா என யோசிப்பவர்களுக்கும், தாமே ஒன்றைத் தொடங்க எண்ணுபவர்களுக்கும், எதைப் பார்த்து ஒரு கழகத்தை மதிப்பிட வேண்டும் என்பதைச் சொல்ல இந்த அனுபவம் உதவும் என நம்புகிறேன். ஒரு வலசைக் காலம் முழுவதும் அவர்களோடு நடந்த பின்னரே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பறவைகளைத் தேடிக் காட்டுவதில் இக்கழகத்தை விடத் திறமையானவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஆனால் கண்ட பறவைகளை ஒழுங்காக எண்ணி, எழுதி, அந்தத் தாள்களை ஆண்டுக்கணக்கில் பேணி வருவதில் இதற்கு நிகரான சிறு கழகம் ஒன்றை நான் கண்டதில்லை. பறவைப் பாதுகாப்பைப் பற்றி யார் பேசினாலும், இப்போது நான் முதலில் கேட்பது அவர்களிடம் கணக்கு இருக்கிறதா என்பதைத்தான்.

நடை நிகழும் இடம் பெத்தகான ஈரநிலப் பூங்கா. கோட்டேயில் தியவன்னா நீர்ப்பரப்பின் ஓரமாக, வீடுகளுக்கும் வீதிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 18 ஹெக்டேயர் பரப்பில் கிடக்கும் சதுப்பு நிலம் அது. நீரின் மேலாகச் செல்லும் பலகைப் பாதைகளும், நின்று பார்ப்பதற்கான மறைவிடங்களும் உண்டு. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை செல்லும் 177ஆம் இலக்க பஸ்ஸில் வந்து, இராஜகிரியவில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தால் அதிக தூரமில்லை. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். மழைநீர் வந்து தங்குவதற்கு நிலம் வேண்டும் என்பதை நகரம் அதன் பிறகு ஓரளவு உணர்ந்தது. எஞ்சிய சதுப்பு நிலங்களை மண் கொட்டி நிரப்பாமல் விட்டு வைப்பதற்கு அந்த உணர்வு துணை நின்றது. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் மாநாடு 2018இல் துபாயில் நடைபெற்றபோது, ஈரநில நகரங்களாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இவற்றால் பறவைகளுக்குக் கிடைத்த நன்மை சிறிதன்று. எனினும் ஓர் அங்கீகாரம் தானாக எந்த நிலத்தையும் காப்பதில்லை. அங்கு என்ன வாழ்கிறது, எவ்வளவு வாழ்கிறது, எது குறைந்து வருகிறது என்பதை யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இக்கழகத்தார் செய்வது அந்த வேலை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நடை தொடங்குகிறது. தாமதித்து வருபவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. அவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். கண்டிப்பாகத் தோன்றும் இந்த வழக்கத்துக்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறப் பறவைகளின் ஒலியும் நடமாட்டமும் குறைந்துவிடும். ஒரு மாதம் ஆறரைக்கும் அடுத்த மாதம் எட்டு மணிக்கும் எண்ணினால், எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணம் பறவைகள் குறைந்ததா, நேரம் பிந்தியதா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது. ஆகவே தொடங்கும் நேரம், நடக்கும் பாதை, திசை, நிற்கும் இடங்கள், ஒவ்வோரிடத்திலும் நிற்கும் பத்து நிமிடம் ஆகிய எதுவும் மாறுவதில்லை. முன்னால் செல்லும் இருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் மட்டும் எழுதுகிறார். எழுதுபவர் பைனாகுலரைத் தொடுவதில்லை. மற்றவர்கள் தாம் கண்டதைச் சொல்லலாம். ஆனால் முன்னால் நிற்கும் இருவரில் ஒருவராவது அதைப் பார்த்து உறுதிப்படுத்திய பின்பே அது தாளில் ஏறுகிறது.

அந்தத் தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கழகம் நமக்குத் தரும் மிகப் பெரிய பாடம் அதில்தான் இருக்கிறது. இரு பக்கமும் அச்சிட்ட ஒற்றைத் தாள் அது. ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே கண்டது, ஒலி மட்டும் கேட்டது, மேலாகப் பறந்து கடந்தது, குஞ்சு அல்லது கூட்டுடன் இருந்தது என நான்கு கட்டங்கள். தலைக்கு மேலே நீர்க்காகங்கள் வரிசையாகத் தியவன்னாவை நோக்கிப் பறந்து போனால், அவை இந்தச் சதுப்பைப் பயன்படுத்திய பறவைகளாகக் கணக்கில் சேர்வதில்லை. கடந்து போனவற்றின் கட்டத்தில் விழுகின்றன. கோரைக்குள்ளிருந்து கானாங்கோழி கத்தினால், அதைக் கண்ணால் காணாதவரை கேட்டது என்றே பதிகிறார்கள். தாளின் மேல் மூலையில் மேகம், மழை, காற்று ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் குறிக்கிறார்கள். நீர் ஏறி நின்றால் கரையோரச் சேறு மூழ்கிவிடும், சேற்றில் இரை தேடும் பறவைகள் வேறிடம் போய்விடும். அந்த மாதத்துக் குறைவை அழிவு என்று யாரும் பிழையாகப் படித்துவிடக் கூடாதல்லவா? இப்படி முன்கூட்டியே எண்ணி வைத்த ஒரு தாள், பறவைகளைப் பற்றி அழகாக எழுதிய பல கட்டுரைகளை விடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக எழும்பும்போது எப்படி எண்ணுவது என்பதையும் இங்கேதான் பழகினேன். ஒவ்வொன்றாக எண்ண நேரமிராது. முதலில் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அந்தப் பத்தும் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன எனக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் குறைந்த எண்ணையே எழுதுகிறார்கள். மிகைப்படுத்தாத இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது.

தாளின் இறுதியில் உறுதியாகத் தெரியாதவற்றுக்கென ஒரு வரி இருக்கிறது. வெண்கொக்குகள்தான் அதில் அதிகம் இடம்பெறுகின்றன. சின்ன வெண்கொக்கை எவரும் எளிதில் பழகிவிடலாம். அலகு கருப்பு, கால் கருப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். பெரிய வெண்கொக்கையும் இடை வெண்கொக்கையும் தூரத்தில் பிரித்தறிவதுதான் கடினம். உருவத்தை மட்டும் நம்பக் கூடாது, வாய்க்கோட்டைப் பாருங்கள் என்று கற்றுத்தருகிறார்கள். பெரிய வெண்கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். இடை வெண்கொக்கில் அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அந்தக் கோடு தெரியும் அளவுக்குப் பறவை அருகில் இல்லையென்றால், வெண்கொக்கு, இனம் தெரியாது என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அனுபவம் மிக்க ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், எல்லோர் முன்னிலையிலும் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி அந்த வரியில் எழுதச் சொன்னதைக் கண்டபோது, இக்கழகத்தின் கணக்கை நம்பலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

கற்பிக்கும் முறையும் பாராட்டத் தக்கது. ஒரு காலையில் கோரைப் புதரொன்றின் முன் எல்லோரையும் நிறுத்தி, இங்கே ஒரு பறவை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த உத்தியோகத்தர் பேசாமல் நின்றார். தாயோடு வந்திருந்த பத்து வயதுச் சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, அதில காய்ஞ்ச கோரைதானே நிக்குது?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, வடிவாப் பாருங்கோ. கோரைக்குக் கண் இருக்குமோ?" என்றார் அவர். மஞ்சள் குருகு ஒன்று அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, உடம்பைக் கோரைத் தண்டின் பருமனுக்கு ஒடுக்கிக்கொண்டு நின்றது. அலகு மேலே பார்த்திருக்க, கண்கள் இரண்டும் எங்களையே பார்த்தன. காற்றடித்துக் கோரை அசைந்தபோது அதுவும் கூடவே மெல்ல அசைந்தது. சிறுமி அதைக் கண்டுகொண்ட பின் ஒருவரும் சத்தமிடவில்லை, ஒருவரும் பலகையில் அடி எடுத்து வைக்கவில்லை. அதன் பாட்டில் அது கழுத்தைத் தளர்த்தி இரை தேடத் தொடங்கும் வரை நின்றோம். அன்றைய தாளில் மஞ்சள் குருகு ஒன்று என்ற பதிவை அந்தச் சிறுமியின் கையாலேயே எழுதச் செய்தார்கள்.

இந்தத் தாள்களின் பயனை நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தியவன்னா ஓரத்தில் கழகத்தார் கூடவே எண்ணிவரும் இன்னொரு நீரோடையில், கரைக் கோரையையும் நீர்ச்செடிகளையும் முழுவதுமாக வெட்டி அகற்றும் பணி தொடங்கவிருப்பதாகத் தெரிய வந்தது. நீரோட்டம் தடைப்படுகிறது என்பது பணிக்குப் பொறுப்பானவர்கள் சொன்ன காரணம். அது பொய்யான காரணமும் அல்ல. இத்தகைய வேளைகளில் வழக்கமாக நடப்பது கண்டன அறிக்கையும் புகைப்படங்களும்தான். கழகத்தார் தம் கோப்பைத் திறந்தார்கள். நீலத்தாழைக்கோழிகளைக் குஞ்சுகளுடன் கண்ட தேதிகளையும், எந்த வளைவில் கண்டார்கள் என்பதையும், முன்னைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு ஒரு பக்க அட்டவணையாக்கி, பணிக்குப் பொறுப்பானவர்களிடம் கையளித்தார்கள். வேலையை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இரு கரைகளையும் ஒரே தடவையில் மொட்டையடிக்காமல், குஞ்சுகள் உள்ள பகுதியைப் பின்னுக்கு விட்டு, மற்றக் கரையில் தொடங்குங்கள் என்று மட்டும் கேட்டார்கள். பொறுப்பானவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எதிரே இருப்பவரும் ஒரு வேலையை முடிக்க வேண்டியவர். திகதியோடும் இடத்தோடும் பேசும்போது அவரால் ஒரு முடிவை எடுக்க முடிகிறது. உணர்ச்சியோடு மட்டும் பேசினால் அவர் எதைத்தான் மாற்றுவார்?

சதுப்பு நிலத்துக்கு வெளியேயிருந்து வரும் கேடுகளையும் அவர்கள் பதிந்து வருகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து கொழும்புச் சதுப்புகளில் பரவியுள்ள சதுப்பு அன்னமுன்னா மரம் அவற்றில் முதன்மையானது. கோரையும் திறந்த நீருமாக இருந்த இடத்தில் அது வேரூன்றி அடர்ந்துவிட்டால், நீர்ப்பறவைகள் இறங்குவதற்கு வெளி இராது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அது முன்னேறியிருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒரு முறை பாதையின் வரைபடத்தில் குறித்து வைக்கிறார்கள். கன்றுகளைப் பிடுங்கும் சிரமதானமும் உண்டு. அதில் கலந்துகொள்ள இடுப்பளவு சேற்றில் இறங்க மனமிருக்க வேண்டும்.

ஒக்டோபர் மாதத்தில் இக்கழகம் செய்யும் இன்னொரு சேவை, நடையில் சேராதவர்களுக்கும் பயன்படுவது. வலசை வரும் ஆறுமணிக் குருவிகள் கடல் கடந்து களைத்து வந்து இறங்கும் காலம் அது. காட்டுத் தரையில் வாழப் பழகிய அந்தப் பறவை, வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, கண்ணாடியில் மோதியோ இளைப்பினாலோ படிக்கட்டுகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் விழுந்து கிடக்கக் காண்கிறோம். காகங்கள் உடனே சூழ்ந்துவிடும். அத்தகைய பறவையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் எனக் கழகம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய குறிப்பொன்றை ஆண்டுதோறும் வட்ஸ்அப்பில் குடியிருப்புகளுக்கு அனுப்புகிறது. காற்றுத் துளையிட்ட காகித அட்டைப் பெட்டிக்குள், அடியில் ஒரு துணி விரித்து, பறவையை மெதுவாக வைத்து மூடி, இருட்டான அமைதியான அறையில் விட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சோறு ஊட்டக் கூடாது, பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. தெளிந்த பின், காகங்கள் அடங்கும் அந்திப் பொழுதில் மரச்செறிவுள்ள இடத்தில் திறந்து விட வேண்டும். சிறகோ காலோ முறிந்திருந்தால் விலங்கு வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். இந்தக் குறிப்பின்படி எங்கள் குடியிருப்பின் காவலாளி ஒரு பறவையைக் காப்பாற்றினார். விழுந்த தேதியையும் இடத்தையும் கழகத்துக்குச் சொன்னார். அதுவும் கோப்பில் ஏறியது.

கருவிகளைப் பொறுத்தவரை, கையில் ஒன்றுமில்லாமல் வருபவருக்கும் குறையில்லை. கழகத்திடம் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீற்றர் முகப்பு வில்லையுள்ள பைனாகுலர்கள் சில உண்டு. புதியவர்களுக்கு நடை முடியும் வரை இரவலாகத் தருகிறார்கள். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கை நடுக்கமும் அதோடு சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பு குறுகும், விடியற்கால மங்கல் வெளிச்சத்தில் படமும் இருண்டு போகும். கோரைக்குள் சட்டென ஓடி மறையும் பறவைகளுக்கு எட்டு மடங்கே உகந்தது என்பது என் அனுபவமும் ஆகும். இரவல் கருவிகளுள் ஒன்றிரண்டின் வில்லைகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் பைனாகுலரைத் தோல் உறைக்குள் மூடி அலுமாரியில் வைத்தால் இதுதான் நடக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். உறுப்பினர் சந்தா மாதமொன்றுக்கு ஒரு மதியச் சாப்பாட்டுப் பொதியின் விலைக்கும் குறைவானது; அதில் ஒரு சிறு பங்கை இப்பெட்டிகளுக்கு ஒதுக்குவது அவர்களுக்குக் கடினமாக இராது.

இனிக் குறைகள். அவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது, இத்தனை கவனமாக எழுதிய தாள்கள் ஒருவருடைய வீட்டு அலுமாரியில் கோப்புகளாக இருப்பதுதான். ஒரு வெள்ளம், ஒரு கறையான் புற்று, ஒரு வீடு மாற்றம் போதும், அவ்வளவும் போய்விடும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் எவரும் கட்டணமின்றித் தம் பதிவுகளைச் சேர்க்கலாம். தொடங்கிய நேரம், நடந்த தூரம், எடுத்த நேரம், கண்ட எல்லா இனங்களையும் எழுதினீர்களா என்பது வரை அது கேட்கிறது. இக்கழகத்தின் தாள் அதற்கென்றே வரைந்தது போலப் பொருந்துகிறது. அண்மைக்கால நடைகளை உயர்தர வகுப்பு மாணவர்கள் இருவர் கைத்தொலைபேசியிலேயே பதிவேற்றுகிறார்கள். பழைய தாள்கள் இன்னும் காத்திருக்கின்றன. மூத்தவர்கள் சிலருக்குக் கணினியில் போட்டால் பிழை சேர்ந்துவிடும் என்ற தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதித்தாலும், தாளைப் படமெடுத்து வைப்பதற்காவது அவர்கள் உடனே இணங்க வேண்டும்.

புகைப்படக்காரர் விடயத்தில் கழகம் போதிய உறுதியோடு நடந்துகொள்ளவில்லை. கூட்டை நெருங்கக் கூடாது, பதிவுசெய்த ஒலியை இசைத்துப் பறவையை வரவழைக்கக் கூடாது, கூடுள்ள இடத்தைப் பொதுவில் அறிவிக்கக் கூடாது என்பவை எழுத்தில் உள்ள விதிகள். நல்ல விதிகள். ஒலியைக் கேட்டு வரும் ஆண் பறவை, தன் எல்லைக்குள் எதிரி புகுந்ததென நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தை அலைந்து வீணாக்குகிறது. கூட்டருகே மனிதர் நின்றால் தாய் விலகிப் போக, காகம் முட்டையை எடுத்துவிடுகிறது. நீளமான வில்லைகளோடு வரும் சிலர் முன்வரிசையில் முழங்கால் ஊன்றி இடம்பிடித்துக்கொண்டு, எண்ணுபவர்களையே மறைக்கிறார்கள். ஒருமுறை இலைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு தாமரை இலைகளின் மேல் வந்தபோது, பலகைப் பாதையை விட்டுக் கீழே கால் வைத்தவரைக் கூட யாரும் கண்டிக்கவில்லை. நேரத்தில் காட்டும் கண்டிப்பில் பாதியை இதிலும் காட்ட வேண்டும்.

இன்னொன்று, தாளில் பறவைப் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. செண்பகம், மீன்கொத்தி, கொண்டலாத்தி, குக்குறுவான் எனக் குரலைக் கேட்டே சொல்லிவிடக்கூடிய வயதான பெண்மணிகள் நடைக்கு வருகிறார்கள். எழுதும் பொறுப்பு அவர்களுக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. மும்மொழித் தாள் ஒன்றைத் தயாரிப்பதாகச் சொல்கிறார்கள். விரைவில் வர வேண்டும். மழையால் நடை ரத்தாகும் செய்தியைப் பலர் பஸ்ஸில் ஏறிய பின்னர் அனுப்புவதும் திருத்திக்கொள்ளக் கூடியதே.

ஆண்டுக்கு ஒருமுறை மன்னாருக்கு இரண்டு நாள் பயணமும் உண்டு. 2010இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையில், வலசை வரும் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைகளையும் காண்பது பெரும் பேறுதான். ஆனால் அந்தப் பயணத்தை ஒரு சுற்றுலாவாகவே மதிப்பிட வேண்டும். ஏற்பாடுகள் சுமார், உணவு நன்று, எண்ணுவதற்கு நேரமிருப்பதில்லை.

யாருக்கு இந்த நடை பொருந்தும் என்று கேட்டால், அரிய இனங்களைக் கண்டு பட்டியலை நீட்ட விரும்புபவருக்கு இது பொருந்தாது. அவர் நல்ல வழிகாட்டி ஒருவரோடு சிங்கராஜ வனத்துக்குப் போவதே மேல். பெத்தகானையில் மாதாமாதம் பார்ப்பது பெரும்பாலும் அதே பறவைகளை: செந்நாரை, நத்தைகொத்தி நாரை, வெண்மார்பு மீன்கொத்தி, சிறு நீர்க்காகம், பொந்திலிருந்து குரல் கொடுக்கும் குக்குறுவான். செப்டெம்பர் கடைசியிலிருந்து நீலவால் பஞ்சுருட்டான்களும் பழுப்புக் கீச்சான்களும் வந்து சேரும். சித்திரைக்குள் அவை போய்விடும். அதே பாதையில் அதே பறவைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் சலிப்படையாதவர், ஒரு பறவை இந்த மாதம் வரவில்லையே என்று கவலைப்படக் கூடியவர், தயங்காமல் சேரலாம். பிள்ளைகளை எட்டு வயதுக்கு மேல் அழைத்துச் செல்லலாம் என்பது என் எண்ணம். அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பத்து நிமிடம் அசையாமல் நிற்பது கொடுமை.

வேறு கழகமொன்றைத் தேர்பவர்களுக்கு ஓர் ஆலோசனை. சேருமுன், சென்ற ஆண்டின் இதே மாதப் பதிவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் சந்தாவைக் கட்டுங்கள். அழகிய படங்களை மட்டும் காட்டினால், அது புகைப்படக் கழகம் என்று தெரிந்துகொண்டு உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள்.

நான் குறிப்பிடும் கழகத்தில் சேர நல்ல காலம் ஒக்டோபர். அப்போது சேர்ந்தால் ஜனவரிக்குள் எண்ணப் பழகிவிடலாம். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரி தோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில் சிலோன் பறவைக் கழகம் ஒருங்கிணைக்கிறது. இக்கழகத்தின் உறுப்பினர் சிலரும் அதற்குத் தம் பங்கைச் செய்கிறார்கள். அதில் உதவ விரும்பும் புதியவர்கள் டிசம்பர் நடையின் முடிவில் பெயர் கொடுக்க வேண்டும். பழகிய ஒருவரோடு ஒரு புதியவர் என்று சோடி சேர்த்து, எழுதும் வேலையைப் புதியவரிடம் கொடுக்கிறார்கள். மங்கிய நிற நீளக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர், நுளம்புக்குப் பூசும் எண்ணெய், இரண்டு பென்சில்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பேனா வேண்டாம், பனி ஈரத்தில் மை பரவிவிடும்.